முகத்தில் பூசுவது கருவறை வரை போகும்

மாவனல்லைக்கு அருகிலுள்ள ஒரு றப்பர் தோட்டத்தில் பெண்கள் குழுவுடன் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு பெண் மட்டும் பின்தங்கி நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சிறிய டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். வெள்ளை நிறமான கிறீம். டப்பாவின் மேல் பளபளப்பான ஒரு பெண்ணின் படம். எங்கு தயாரித்தது, என்னென்ன சேர்த்தது, எப்போது காலாவதியாகும் என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை.

“மிஸ், இதத் தடவினதாலதான் என்ட பிள்ளை போச்சுதா?” என்று கேட்டார்.

அவருடைய பெற்றோர் இந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் உயிர் பிழைத்தால் போதும் என்று வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். இவர் கிளிநொச்சிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தார். 2009இல் பதினான்கு வயதில் ஷெல் துண்டு கன்னத்தையும் கழுத்தையும் கிழித்தது. முகாம் வாழ்க்கை முடிந்த சில வருடங்களின் பின் தூரத்து உறவு ஒருவரைத் திருமணம் செய்து, தாத்தா பாட்டி விட்டுப்போன மண்ணுக்கே மருமகளாகத் திரும்பி வந்தார்.

கன்னத்தில் இருந்த தழும்பை மறைக்கவே அந்தக் கிறீமை வாங்கினார். சம்பள நாளுக்குப் பின் டவுனுக்குப் போனபோது நடைபாதைக் கடையில் கிடைத்தது. ஒரு மாதத்தில் முகம் வெளுத்தது. தழும்பும் மங்கியது போலிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களும் வாங்கிவரச் சொன்னார்கள். முதற் பிள்ளை வயிற்றில் இருந்த காலம் முழுவதும் தடவினார். ஏழாம் மாதத்தில் பிறந்த அந்தக் குழந்தை தங்கவில்லை.

மாமியார் சொன்ன காரணம் வேறு. “குண்டுப் பொகையக் குடிச்ச ஒடம்பு. புள்ள எப்புடித் தங்கும்?” இந்தச் சொல்லைக் கேட்டே மூன்று வருடங்களைக் கடத்தியவர், இப்போது மீண்டும் கர்ப்பமாக இருக்கிறார். ஐந்தாம் மாதம்.

அவருடைய கேள்விக்கு நான் சொன்ன பதில் அவரைத் திருப்திப்படுத்தியிருக்காது. “அந்தப் பிள்ளை எதனால் போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இந்த டப்பாவை இன்றோடு நிறுத்துங்கள்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே டப்பா வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் பல வீடுகளின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கலாம்.

வெளுப்பது எப்படி?

நமது தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்ற பொருள். அது உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆற்றல் பாதரசத்துக்கு உண்டு. பாதரச உப்புகள் கலந்த கிறீமும் சவர்க்காரமும் உலகின் பல நாடுகளில் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். இவற்றுள் சில சவர்க்காரங்களில் 1 முதல் 3 வீதமும், சில கிறீம்களில் 1 முதல் 10 வீதமும் பாதரசச் சேர்மங்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் காட்டியுள்ளது. பாதரசத்துக்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை முதலில் விதித்த எல்லை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஆயிரம் கிலோ கிறீமில் ஒரு கிராம். ஒரு வீதம் என்பது அந்த எல்லையைப் போல் பத்தாயிரம் மடங்கு.

பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. ஒரு பகுதி ஆவியாகி மூச்சோடு உள்ளே போகிறது. அதிகம் தாக்கப்படுவது சிறுநீரகம். கை கால் நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு என்பனவும் வரலாம். போரைக் கடந்து வந்த பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? “பழைய நினைவுதான்” என்று சொல்லி விட்டுவிடுவோம். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

நமக்கு அண்மையில் நடந்த ஒன்று இது. கேரள மாநிலத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள ஒரு வைத்தியசாலைக்கு 2021 ஜூலைக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் வெள்ளையாக்கும் கிறீம் பூசியவர்கள். வைத்தியர்கள் நோயாளியிடம் அதைக் கேட்டறிந்ததாலேயே நோயின் காரணம் பிடிபட்டது.

பூசாதவர்களையும் இது விடுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா, வேர்ஜீனியா மாநிலங்களில் 2010இல் நடத்திய விசாரணையில், மெக்சிக்கோவில் தயாரான கிறீமால் ஐந்து வீடுகளைச் சேர்ந்த 22 பேர் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. அவர்களில் கிறீமைத் தொடாதவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். துவாய், தலையணை உறை, தாயின் கன்னம், வீட்டுக் காற்று என்று பாதரசம் பரவியிருந்தது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் நமது லயக் காம்பராக்களை நினைத்துப் பாருங்கள்.

கருவறைக்குச் சுவர் உண்டா?

வயிற்றில் உள்ள பிள்ளையை நஞ்சுக்கொடி காத்துவிடும், தாய்க்கு வரும் நஞ்சு பிள்ளையை எட்டாது என்று வைத்தியர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் உடைந்தது. அங்கு ஓர் இரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம் மீனுக்குள் போனது. மீனை உண்டவர்களுக்கு வந்த நரம்பு நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. பெரிதாக நோய் தெரியாத தாய்மார் சிலருக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. கருவிலேயே நஞ்சு எட்டியதால் வந்தது இது என்பது 1962இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது வரைக்கும் அந்தத் தாய்மார் ஊராரின் ஏச்சையும் தாங்கினார்கள்.

மினமாட்டா மீனில் இருந்தது பாதரசத்தின் ஒரு வடிவம். கிறீமில் இருப்பது வேறொரு வடிவம். மீனில் இருந்தது கருவின் மூளையை மிக இலகுவாக எட்டக்கூடியது. கிறீமில் உள்ளது அவ்வளவு இலகுவாகக் கடப்பதில்லை. என்றாலும் நஞ்சுக்கொடியில் சேருகிறது, ஒரு பகுதி பிள்ளைக்கும் போகிறது, பின்னர் தாய்ப்பாலிலும் கலக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரகம் இரட்டை வேலை செய்கிறது. அந்த நேரத்தில் அது பழுதுபட்டால் கால் வீங்கும், சிறுநீரில் புரதம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். கர்ப்பிணிக்கு இவை ஆபத்தான அறிகுறிகள் என்பது கிளினிக் போகும் எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். குழந்தை நிறை குறைந்து பிறக்கவும் குறைமாதத்தில் பிறக்கவும் இவை காரணமாகலாம்.

பாதரசம் இல்லாத கிறீம் என்றாலும் கவலை தீர்ந்துவிடாது. வெளுக்க வைக்கும் கிறீம்கள் பலவற்றில் வீரியம் கூடிய ஸ்டீரொயிட் மருந்தைக் கலக்கிறார்கள். அதனைக் கர்ப்ப காலத்தில் பெருமளவில் பூசிய தாய்மாருக்கு நிறை குறைந்த குழந்தைகள் பிறப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வைத்தியர் அளவு சொல்லிக் கொடுக்கும் மருந்து வேறு, பெயரில்லாத டப்பாவில் அளவு தெரியாமல் கலந்திருப்பது வேறு.

வீட்டுக்குள் இருக்கும் மற்றவை

கிறீம் ஒன்று மாத்திரம் என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. கர்ப்பிணிப் பெண்ணின் நாளாந்த வாழ்க்கையில் வேறு சிலவும் இருக்கின்றன.

நுளம்புச் சுருள். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் உள்ள அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிகரெட் பிடிக்கும் பெண்ணை ஊரே ஏசும். இரவு முழுவதும் சுருள் புகைக்குள் படுத்திருக்கும் கர்ப்பிணியை எவரும் கவனிப்பதில்லை. அதோடு விறகடுப்புப் புகையும் சேருகிறது. விறகுப் புகை குழந்தையின் பிறப்பு நிறையைக் குறைக்கும் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. இதற்காக நுளம்பைக் கடிக்கவிட முடியாது. டெங்கு கர்ப்பிணிக்கு மிகவும் ஆபத்தானது. வலை கட்டிப் படுப்பதும், பகலில் கை கால் மூடிய உடுப்பு அணிவதும், வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரைக் கொட்டுவதும் புகையில்லாத வழிகள். சுருள் கொளுத்தியே ஆக வேண்டுமானால் படுக்குமுன் கொளுத்தி, அணைத்துவிட்டு, கதவைத் திறந்து காற்று வாங்கிய பின் படுக்கலாம்.

பூச்சி உருண்டை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு மூத்த பிள்ளையின் சட்டைகளை டிரங்குப் பெட்டியில் வெள்ளை உருண்டை போட்டு எடுத்து வைப்பது நமது வழக்கம். நப்தலீன் என்ற பொருளால் ஆன உருண்டைகள் இவை. சில குழந்தைகளின் இரத்த அணுக்களில் பிறப்பிலேயே ஒரு குறை இருக்கும். அக்குழந்தைகளுக்கு இந்த வாசம் ஏறிய உடுப்பை அணிவித்தால் இரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சட்காமாலை வரும். மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். எந்தக் குழந்தைக்கு அக்குறை இருக்கிறது என்பது பார்த்துத் தெரியாது. ஆகவே குழந்தை உடுப்புக்கு உருண்டை வேண்டாம். இருப்பதைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்தால் போதும்.

ஈயம். பழைய எண்ணெய்ப் பெயின்ட், சிலவகைக் கண்மை, சுர்மா, சிலவகைக் குங்குமம் ஆகியவற்றில் ஈயம் இருப்பது பல நாடுகளில் சோதித்துக் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் எலும்பில் போய்ப் பல வருடங்கள் தங்கும். பிள்ளையின் எலும்பு வளரத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது பழைய ஈயமும் சேர்ந்து இறங்குகிறது. கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறை ஆகியவற்றோடு ஈயம் தொடர்புடையது. இந்த அளவுவரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளை வருகிறதென்று அறைக்குப் பெயின்ட் அடிக்கும்போது பழைய பூச்சைச் சுரண்டும் வேலையைக் கர்ப்பிணி செய்யக்கூடாது. அந்தத் தூசு இருக்கும் இடத்தில் நிற்கவும் கூடாது. உடலில் கால்சியமும் இரும்புச்சத்தும் போதியளவு இருந்தால் ஈயம் ஏறுவது குறையும். கிளினிக்கில் தரும் மாத்திரைகளைப் பெட்டியில் சேர்த்து வைக்காமல் விழுங்குவதற்கு இது இன்னொரு காரணம். இரும்பு மாத்திரையை மட்டும் தேயிலைச் சாயத்தோடு விழுங்க வேண்டாம். சாயம் இரும்பை உடலில் சேரவிடாது.

வாசனைத் திரவியங்களிலும் இளகிய பிளாஸ்டிக்கிலும் தாலேட் எனப்படும் இரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. அமெரிக்காவில் 16 ஆய்வுகளில் பங்குபற்றிய ஏறக்குறைய 6,000 கர்ப்பிணிகளின் தகவல்களை ஒன்றுசேர்த்து 2022இல் ஆராய்ந்தார்கள். சிறுநீரில் தாலேட் கூடுதலாக இருந்த தாய்மாருக்கு 37 வாரம் நிறையும் முன் பிரசவம் ஆவதும் ஓரளவு கூடியிருந்தது. சூடான சாப்பாட்டையும் தேநீரையும் பிளாஸ்டிக்கிலும் பொலித்தீனிலும் வாங்குவதைத் தவிர்ப்பது காசு செலவில்லாத பாதுகாப்பு.

குற்றவாளி யார்?

இவற்றை வாசித்துவிட்டு ஒரு தாய் தன்னையே நொந்துகொள்ளத் தொடங்கினால் இந்தக் கட்டுரையால் பயனில்லை. குறைமாதப் பிரசவத்துக்கும் நிறை குறைந்த குழந்தைக்கும் இரத்தச்சோகை, போசாக்கின்மை, கிருமித்தொற்று, இரத்த அழுத்தம், பிள்ளைகளுக்கிடையில் இடைவெளியின்மை, கடின உழைப்பு என்று பல காரணங்கள் உண்டு. பலமுறை காரணமே தெரிவதில்லை. தோட்டப்புறங்களில் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் வீதம் நாட்டின் சராசரியிலும் கூடியது என்பதை அரசின் குடித்தொகை, சுகாதார அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதற்கு ஒரு டப்பா கிறீமைக் குற்றம் சொல்லித் தப்பிவிட முடியாது.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் நான் கேட்பது வேறு கேள்வி. தழும்புள்ள முகத்தோடு ஒரு பெண் நிம்மதியாக வாழ முடியாது என்று அவளை நினைக்க வைத்தது யார்? பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைக் கேட்டார்கள். நிறம் குறைந்தால் சீதனம் கூடியது. போர் தந்த தழும்பைக் கண்டவர்கள் “எங்கே இருந்தாய், என்ன செய்தாய்” என்று விசாரித்தார்கள். அந்த விசாரணைகளிலிருந்து தப்ப அவள் கன்னத்தை மூடினாள். அந்தப் பலவீனத்தை அறிந்தவன் வியாபாரி. அவனைத் தடுக்க வேண்டியது சட்டம்.

சட்டம் முயன்றால் முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று இருக்கிறது. பெயின்ட்டில் ஈயம் இருப்பதைச் சுற்றாடல் அமைப்பினர் சோதித்து வெளியிட்டு, தொடர்ந்து வலியுறுத்தினார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் ஈயத்துக்கு எல்லை விதித்தது. அது 2013 ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. பாதரசத்தைப் பொறுத்தவரை, மினமாட்டா ஊரின் பெயரால் 2013இல் உருவான உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அழகுசாதனப் பொருட்களில் பாதரசம் சேர்ப்பதை 2025ஆம் ஆண்டோடு முற்றாக ஒழிக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. கடதாசியில் இருக்கும் முடிவு நடைபாதைக் கடை வரை வந்து சேர நாமும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், சேர்ந்த பொருட்கள், காலாவதித் திகதி ஆகியவை இல்லாத எதையும் முகத்தில் பூசாதீர்கள். லேபிளில் மேர்கியூரி, மேர்கியூரஸ் குளோரைட், கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். சில வாரங்களில் நிறம் மாறும் என்று உறுதி தரும் எந்தக் கிறீமிலும் ஏதோ ஒரு வீரியமான பொருள் இருக்கிறது.

பூசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்துங்கள். டப்பாவை மூடி, பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். எரிக்கக்கூடாது. எரித்தால் பாதரசம் புகையாகும். துவாயையும் தலையணை உறையையும் தனியாகத் துவையுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்த டப்பாவைக் கொண்டுபோய், நாம் மிட்வைஃப் மிஸ் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டி, எத்தனை மாதம் பூசினீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் ஏசுவார்கள் என்ற பயம் வேண்டாம். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். கர்ப்பிணிப் பதிவேட்டில் அது எழுதப்படட்டும். நீண்ட நாள் பூசியவர்களுக்கு நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம். அதற்கும் வைத்தியரையே நாடுங்கள், மீண்டும் அதே டப்பாவிடம் போகாதீர்கள்.

தழும்புக்கும் வைத்தியம் உண்டு. அரச வைத்தியசாலைகளின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். பிள்ளை பிறந்து பால்குடி மறந்த பின் செய்யக்கூடியவை எவை என்பதை அவர்கள் சொல்வார்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். தனியாக அழைக்கத் தயங்கினால் உங்கள் சங்கத்தின் பெயரில் அழையுங்கள்.

என்னிடம் டப்பாவைத் தந்த தங்கை அதற்கடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோனார். வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிறுநீரும் இரத்த அழுத்தமும் இப்போது ஒவ்வொரு முறையும் கவனமாகப் பார்க்கப்படுகின்றன. அந்தக் கிறீமில் என்ன இருந்தது என்று இதுவரை எவருக்கும் தெரியாது. முதற் பிள்ளை ஏன் போனது என்பதும் தெரியப் போவதில்லை. ஒரு மாற்றம் மட்டும் நடந்திருக்கிறது. அந்த நாள் மாமியாரும் கூடப் போயிருந்தார். திரும்பி வரும்போது அவர் கேட்டாராம், “அப்ப இவ ஒடம்புல கோளாறு இல்லியா, மிஸ்?” இல்லை என்றேன். அன்றிரவு நுளம்பு வலையைத் தேடி எடுத்துக் கட்டியவர் அவர்தான்.

தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சென்ற வாரம் கூட்டத்துக்கு வந்தபோது அவர் அதை மூடவில்லை.